சிவப்பு இல்லாத தீயணைப்பு வண்டி: பழைய வண்டி எப்போது வரலாற்று வாகனம் ஆகிறது?

ராணுவ லாரி போலக் கரும்பச்சை நிறத்தில் ஒரு தீயணைப்பு வண்டி. எழுபது வயதைத் தொட்டுவிட்டது. பிரிட்டனில் இன்றும் சிலர் சொந்தப் பணத்தைப் போட்டு, சனி ஞாயிறை எல்லாம் அதற்கே கொடுத்து, அதை ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். இதைச் சிங்கப்பூரில் யாரிடம் சொன்னாலும் "எதுக்கு இந்த வேலை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதில் தப்பும் இல்லை, பத்து வருஷத்தில் சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற காரையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற ஊர் இது. வண்டிக்கு வயதாவதை நாம் அதிகம் பார்ப்பதே இல்லை. அதனால் 'வரலாற்று வாகனம்' என்கிற எண்ணமே நமக்குக் கொஞ்சம் தூரமாக இருக்கிறது.

அந்த எண்ணத்தை இந்த ஒரு பச்சை வண்டியை வைத்தே விளக்கிவிடலாம். காரை வைத்து விளக்குவதைவிட இது சுலபம். காரை அழகுக்காகக்கூட ஒருவர் வைத்துக்கொள்ளலாம், தீயணைப்பு வண்டி ஒரு வேலைக்காகவே செய்யப்பட்டது, அந்த வேலை என்னவென்று தெரியாமல் அதில் எதைக் காப்பாற்றுவது என்று முடிவுசெய்யவே முடியாது.

வண்டியின் முறையான பெயர் பெட்ஃபோர்டு ஆர்எல்எச்இசட், தானே ஓடும் பம்பு. மக்கள் வைத்த பெயர் கிரீன் காடஸ், அதாவது பச்சைத் தேவி. 1953 முதல் 1956 வரை பிரிட்டிஷ் அரசாங்கம் இதை ஆயிரக்கணக்கில் செய்து வாங்கியது. பெட்ஃபோர்டு என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதில்லை. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உரிமம் வாங்கிப் பெட்ஃபோர்டு லாரி செய்தது, ஊரில் அந்த லாரியில் நெல் மூட்டை ஏற்றியவர்கள், அதன் பின்னால் தொற்றிக்கொண்டு போனவர்கள் எல்லாம் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். இந்தப் பச்சை வண்டிக்கு அடித்தளமான ஆர்எல் லாரிதான் ஐம்பது அறுபதுகளில் பிரிட்டிஷ் ராணுவத்தின் வழக்கமான மூன்று டன் லாரி. 1971-ல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுப் போகும்வரை செம்பவாங், சிலேத்தார், தெங்கா பக்கம் வேலை பார்த்த பெரியவர்களிடம் படத்தைக் காட்டுங்கள், அந்த முகத்தைச் சட்டென்று அடையாளம் சொல்லக்கூடும். இஞ்சினுக்கு மேலேயே ஓட்டுநர் உட்காரும்படியான தட்டையான முகம், உயரமான சக்கரங்கள், சேற்றில் இறங்கினாலும் ஏறி வருவதற்கு நான்கு சக்கர இழுவை. இஞ்சின் 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர், பெட்ரோல், 110 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய வண்டிக்கு அது குறைவுதான், மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் பாடாய்ப் படும். இரண்டு சக்கர இழுவையில் செய்த வண்டிகளும் உண்டு, ஆனால் இன்று ஆசையோடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் நான்கு சக்கர இழுவையைத்தான் தேடுகிறார்கள்.

சரி, நிறம் ஏன் பச்சை? இந்த வண்டி ஊர்த் தீயணைப்புத் துறைக்குச் செய்யப்படவே இல்லை. போர் வந்தால் மட்டும் வெளியே வர வேண்டிய துணைத் தீயணைப்புப் படைக்குச் செய்யப்பட்டது. அந்தப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் தொண்டூழியர்கள், பகலில் வேறு வேலை, மாலையில் பயிற்சி.

அந்தப் படைக்கு இப்படி ஒரு வண்டி ஏன் தேவைப்பட்டது என்று புரிந்துகொள்ள 1940 டிசம்பர் 29-ஆம் தேதி இரவு லண்டனில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் விமானங்கள் நகரத்தின் நடுவே தீக்குண்டுகளைக் கொட்டின. கூடவே விழுந்த வெடிகுண்டுகளில் நிலத்தடித் தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன, தீயணைக்கத் தெருவோரத்தில் வைத்திருக்கிற ஹைட்ரன்ட் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. பக்கத்திலேயே தேம்ஸ் ஆறு ஓடுகிறது, ஆனால் அன்றைக்குக் கடல் வற்று நேரம், ஆறு மிகவும் தாழ்ந்து கிடந்தது, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் சேறு. தீ எரிகிறது, ஆள் இருக்கிறார்கள், வண்டி இருக்கிறது, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீரும் இருக்கிறது, ஆனால் அந்தத் தண்ணீர் தீக்கு வந்து சேரவில்லை.

இது நமக்கும் அந்நியக் கதை இல்லை. சிங்கப்பூரிலும் போர்க்காலத்தில் ஒரு துணைத் தீயணைப்புப் படை இருந்தது. 1942 பிப்ரவரியில் குண்டுவீச்சில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒன்று. சுற்றிக் கடல் இருக்கிற தீவு!

போர் முடிந்தும் பயம் போகவில்லை. அடுத்த போரில் அணுகுண்டு விழும், ஒரே நேரத்தில் நகரம் முழுக்கத் தீப்பிடிக்கும், ஒரு ஹைட்ரன்ட்டும் வேலை செய்யாது என்று கணக்குப் போட்டுத்தான் இந்த வண்டியை வடிவமைத்தார்கள். ஆற்றிலோ ஏரியிலோ இருந்து பல கிலோமீட்டர் தூரம் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பதே இதன் முதல் வேலை.

இருபது விநாடித் தண்ணீர்

தீயணைப்பு வண்டி என்றால் தண்ணீர் சுமந்துவரும் வண்டி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு சக்கர இழுவை கிரீன் காடஸின் தொட்டியில் 300 கேலன், அதாவது சுமார் 1,360 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் பெரிய பம்பு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4,000 லிட்டருக்கு மேல் தள்ளும். வகுத்துப் பாருங்கள், தொட்டி காலியாக இருபது விநாடி.

அப்படியென்றால் தொட்டி எதற்கு? முதல் ஓரிரு நிமிடத்துக்கு. சின்னக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் ஆட்கள் ஓடிப்போய் நிரந்தரமான தண்ணீரைப் பிடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் வண்டி நடுவில் நிற்கும் பம்பாக மாறிவிடுகிறது, ஒரு பக்கம் தண்ணீர் உள்ளே வரும், மறுபக்கம் அழுத்தத்தோடு வெளியே போகும்.

இதே ஏற்பாட்டை நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் கீழேயே பார்க்கலாம். தரைத்தளத்தில் சிவப்புப் பெட்டிக்குள் குழாய் பொருத்துகிற வாய்கள் இருக்கும், தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம். அங்கிருந்து ஒரு வெற்றுக் குழாய் மாடி மாடியாக மேலே போகிறது. உள்ளே தண்ணீர் இருக்காது. தீப்பிடித்தால் குடிமைத் தற்காப்புப் படை வண்டி வந்து, தெருவோர ஹைட்ரன்ட்டிலிருந்து தண்ணீரை எடுத்து, தன் பம்பால் அழுத்தத்தைக் கூட்டி, அந்த வாய் வழியாக மேலே ஏற்றும். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் செலவாகிவிடும், பன்னிரண்டாவது மாடிக்குப் போகவே மூன்றரை பார் வேண்டும், அதற்கு மேல் நாசிலில் அடிப்பதற்கு வேறு வேண்டும். பம்பு இல்லாவிட்டால் ஹைட்ரன்ட் தண்ணீர் கட்டடத்தின் பாதி உயரம்கூட ஏறாமல் நின்றுவிடலாம். 60 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் எப்போதும் தண்ணீர் நிரம்பிய குழாயும் கட்டடத்துக்கென்றே பம்பும் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதும் இதனால்தான். குடிமைத் தற்காப்புப் படையில் தேசிய சேவை செய்த பையன் வீட்டில் இருந்தால் கேளுங்கள், பம்ப் லேடர் வண்டியின் பின்னால் நின்று அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை எவ்வளவு பதற்றமானது என்று சொல்வான்.

ஹைட்ரன்ட்டில் தண்ணீர் இருந்தால் இதெல்லாம் சரி. இல்லாதபோதுதான் பச்சை வண்டியின் உண்மையான திறமை தெரியும். ஆற்றங்கரையில் நிறுத்தி, பக்கவாட்டில் கட்டியிருக்கிற தடித்த உறிஞ்சு குழாயை இறக்குவார்கள். தீயின் பக்கம் போகிற குழாய் துணி மாதிரி மடிந்து சுருளும். உறிஞ்சு குழாய் அப்படி இருக்கக் கூடாது, உள்ளே கம்பிச் சுருள் வைத்து விறைப்பாக இருக்கும், மடிந்தால் எல்லாம் போச்சு. நுனியில் குப்பை போகாமல் ஒரு சல்லடை.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. நாம் ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது வாயால் ஸ்ட்ராவில் இருக்கிற காற்றைத்தான் எடுக்கிறோம், வெளியே இருக்கிற காற்றின் எடை இளநீரை அழுத்தி மேலே ஏற்றிவிடுகிறது. உறிஞ்சு குழாயிலும் அதேதான். குழாயில் இருக்கிற காற்றை ஒரு சின்னக் கருவி வெளியேற்றும், அதைப் பிரைமர் என்பார்கள், உடனே வெளிக்காற்று ஆற்றுத் தண்ணீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றும். ஆனால் காற்றின் எடைக்கும் ஓர் எல்லை உண்டு. எவ்வளவு பெரிய பம்பு வைத்தாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறவே ஏறாது, நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் கிடைத்தாலே பெரிது. பாலத்தின் மேலே நின்றுகொண்டு கீழே வெகு ஆழத்தில் ஓடுகிற ஆற்றிலிருந்து உறிஞ்ச முடியாததற்குக் காரணம் இதுதான். லண்டனில் அந்த இரவு ஆறு தாழ்ந்துபோனது ஏன் அவ்வளவு பெரிய ஆபத்து என்பது இப்போது புரியும்.

அதற்கு அந்தப் படை கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. உறிஞ்ச முடியாவிட்டால் பம்பையே தண்ணீருக்குக் கொண்டுபோய்விட வேண்டியதுதான். காற்றடைத்த ரப்பர் மிதவைகள், அவற்றின் மேல் சின்னப் பம்புகள். சேற்றைத் தாண்டி மிதவையைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் அது மிதந்துகொண்டே காலடியில் இருக்கிற தண்ணீரை எடுத்துக் கரைக்குத் தள்ளும். கரையில் நிற்கிற பச்சை வண்டி அதை வாங்கி மேலே அனுப்பும்.

இப்படி ஒன்றிலிருந்து வாங்கி அடுத்ததுக்குக் கொடுப்பதைத் தொடர் பம்பு முறை என்று சொல்லலாம். தண்ணீர் நீண்ட குழாயில் போகும்போது சுவரோடு உரசிக்கொண்டே போகிறது, அழுத்தம் குறைந்துகொண்டே வரும். குழாயின் நீளம் இரண்டு மடங்கானால் இழப்பும் இரண்டு மடங்கு. தண்ணீரின் அளவை இரண்டு மடங்காக்கினால் இழப்பு நான்கு மடங்கு. அதனால் வழியில் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு வண்டி நின்று, தளர்ந்து வருகிற தண்ணீருக்குத் திரும்ப அழுத்தம் கொடுத்து அடுத்த வண்டிக்கு அனுப்ப வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் குழாயை அகலமாக்க வேண்டும், இதில் கிடைக்கிற லாபம் ஆச்சரியமானது. அவர்கள் வழக்கமாக வைத்திருந்த குழாய் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர், தூரத்துக்காக எடுத்துப்போனது ஆறு அங்குல உலோகக் குழாய், அதாவது 150 மில்லிமீட்டர். அகலம் இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆனால் அதே அளவு தண்ணீருக்கு உரசல் இழப்பு நாற்பது மடங்குக்கு மேல் குறைந்துவிடும். இதற்காகவே குழாய்களைத் துண்டு துண்டாக ஏற்றிவர தனி லாரிகள், முன்னால் போய் வழி பார்க்க மோட்டார் சைக்கிள் ஆட்கள், கட்டுப்பாட்டு வண்டி, சமையல் வண்டி என்று ஒரு முழுத் தொடரே கிளம்பும். தனியாக நிற்கிற ஒரு கிரீன் காடஸைப் பார்த்தால் பாதிதான் புரியும் என்று நான் சொல்வது இதனால்தான், அது ஒரு பெரிய சங்கிலியின் ஒரே ஒரு கண்ணி.

மிதவைகளிலும் மற்ற வண்டிகளிலும் இருந்த சின்னப் பம்புகளைச் செய்த நிறுவனங்களில் கோவென்ட்ரி கிளைமேக்ஸ் ஒன்று. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடும்படி எடை குறைவாக, ஆனால் சக்தி அதிகமாக ஒரு பம்பு இஞ்சின் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டதற்காக அவர்கள் செய்த இஞ்சின், பந்தயக் கார்க்காரர்களின் கண்ணில் பட்டது. அதே குடும்பத்தில் வளர்ந்து வந்த எட்டு சிலிண்டர் இஞ்சினோடுதான் ஜிம் கிளார்க் 1963-லும் 1965-லும் லோட்டஸ் காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். வருஷத்துக்கு ஒருமுறை மரினா பே பக்கம் ராத்திரி ரேஸ் சத்தம் கேட்கிற ஊரில் இருந்துகொண்டு, அந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு தீயணைப்புப் பம்புக்கும் இடம் உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

வராத போர், வந்த வேலைநிறுத்தம்

அணுகுண்டுப் போர் வரவில்லை. 1968-ல் துணைத் தீயணைப்புப் படையைக் கலைத்துவிட்டார்கள். வண்டிகளைக் கிடங்குகளில் வரிசையாக நிறுத்தி, அவ்வப்போது இஞ்சினை ஓடவிட்டுப் பராமரித்து வந்தார்கள். 1977 நவம்பரில் பிரிட்டனின் தீயணைப்பு வீரர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தபோது, வேறு வழியில்லாமல் ராணுவ வீரர்கள் இந்தப் பச்சை வண்டிகளை எடுத்துக்கொண்டு தீயணைக்கப் போனார்கள். 1978 ஜனவரி வரை அது நீடித்தது. திரும்பவும் 2002-ல் இன்னொரு வேலைநிறுத்தம், திரும்பவும் அதே வண்டிகள், அப்போதே அவற்றுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம். பவர் ஸ்டியரிங் கிடையாது, வேகம் கிடையாது, போலீஸ் வண்டி முன்னால் போய் வழி ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் மக்களுக்கு இந்த வண்டி என்றால் போர் ஞாபகம் வருவதைவிட வேலைநிறுத்தம்தான் ஞாபகம் வரும். அப்புறம் அரசாங்கம் அவற்றை விற்றுவிட்டது. சில ஆப்பிரிக்க நாடுகளின் தீயணைப்புத் துறைகளுக்குப் போயின, சில ஆர்வலர்களின் கைக்கு வந்தன.

இப்போது நாம் பேச வந்த விஷயத்துக்கு வரலாம். ஆர்வலர் கையில் இருக்கிற அந்த வண்டி வெறும் பழைய லாரியா, வரலாற்று வாகனமா?

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, ஃபிவா என்பார்கள், 1966-ல் தொடங்கியது. அவர்களின் வரையறை எளிமையானது. குறைந்தது முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், வரலாற்றுக்குப் பொருந்துகிற நிலையில் பாதுகாத்துப் பராமரிக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, நம் தொழில்நுட்பப் பண்பாட்டு மரபின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். வயது இதில் ஒரு நிபந்தனை மட்டும்தான். முப்பது வருஷம் மழையில் நின்று துருப்பிடித்த லாரி முப்பது வயதான லாரி, அவ்வளவே. பிரிட்டனில் சாலை வரியிலிருந்து விலக்குப் பெற நாற்பது வயது தாண்டியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் கிளாசிக் கார் என்று பதிவுசெய்ய 35 வயது வேண்டும், 1940-க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு விண்டேஜ் என்று தனித் திட்டம், இரண்டிலும் வருஷத்துக்கு இத்தனை நாள்தான் சாலையில் ஓட்டலாம் என்று கட்டுப்பாடு உண்டு. நாட்டுக்கு நாடு எண் மாறுகிறது, ஏனென்றால் அரசாங்கங்கள் வரியையும் நெரிசலையும் மனதில் வைத்து எழுதுகின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது 'வரலாற்றுக்குப் பொருந்துகிற நிலை' என்கிற நிபந்தனை. எந்த வரலாற்றுக்கு?

பச்சை வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1955-ல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அதன் மேல் நீல விளக்கு கிடையாது, மணிதான். வேலைநிறுத்த நாட்களில் நீல விளக்குப் பொருத்தினார்கள். இப்போது அதை வாங்கிய ஒருவர் விளக்கைக் கழற்றிவிட்டு மணியைத் திரும்ப மாட்டலாமா? மாட்டினால் 1955 திரும்பக் கிடைக்கும், 2002 போய்விடும். ராணுவ வீரர்கள் விடிய விடிய அதில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களும் வண்டியின் வாழ்க்கைதானே. ஃபிவாவின் பொதுக்குழு 2012-ல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனம் இந்தக் கேள்வியைத்தான் நேராக எடுத்துக்கொள்கிறது. வாகனம் பயன்பாட்டில் இருந்த காலத்தில் அதற்குச் செய்யப்பட்ட மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி, அவற்றை அழித்துப் புதுக்கருக்கு மாதிரி ஆக்கிவிடுவது கட்டாயமில்லை என்பதே அதன் போக்கு. முதலில் இருப்பதைக் கெடாமல் காப்பது, அது போதாதபோது கெடுவதைத் தடுக்கச் சீர்செய்வது, கடைசியாகத்தான் இல்லாமல் போனதைத் திரும்பச் செய்து சேர்ப்பது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு. வாங்கிய மறுநாளே பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நீல விளக்கு இருக்கட்டும். சிவப்புப் பெயின்ட் மட்டும் அடிக்கவே கூடாது. தீயணைப்பு வண்டி சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டு இதற்குச் சிவப்பு அடித்துவிட்டால், இது ஊர்த் தீயணைப்புத் துறைக்குச் செய்யப்பட்ட வண்டி என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், போருக்காகச் செய்து வைத்த வண்டி என்கிற செய்தி ஒரு டப்பா பெயின்ட்டில் மறைந்துவிடும்.

ஓடினால் போதாது

இன்னொரு கேள்வி, ஓட்டுவதா நிறுத்திவைப்பதா. அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் அசல் பாகங்கள் தேயாது. ஓட்டினால் தேயும், உடையும், மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு மாற்றத்திலும் அசல் கொஞ்சம் குறையும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பம்பு என்பது தண்ணீர் தள்ளினால்தான் பம்பு. ஒரு கிரீன் காடஸ் ஊர்வலத்தில் அழகாக ஓடி வந்து நிற்கிறது, பம்பைப் போட்டால் வேலை செய்யாது என்றால், முக்கியமான பாதியை இழந்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றும். வருஷத்துக்குச் சில முறையாவது ஒரு குளத்தங்கரையில் நிறுத்தி, உறிஞ்சு குழாயை இறக்கி, வெற்றிடமானியின் முள் நகர்வதைப் பார்த்து, தண்ணீர் பம்புக்குள் ஏறும் அந்த நொடியில் இஞ்சின் சத்தம் கனத்து இறங்குவதைக் கேட்க வேண்டும். அதைக் காதால் கேட்டு ஆக்சிலரேட்டரை எவ்வளவு திறப்பது என்று முடிவுசெய்கிற ஆளின் கைப்பழக்கமும் காப்பாற்ற வேண்டிய ஒன்றுதான், அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

அதற்கான பாடு கொஞ்சநஞ்சமில்லை. டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடித்துவிடும், அதனால் தேய்ந்ததா என்று பார்ப்பதைவிட எந்த வருஷத்து டயர் என்று பார்க்க வேண்டும். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இளகிப்போகும். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த இஞ்சின்களில் ஈயமில்லாத பெட்ரோல் போட்டால் வால்வு உட்காரும் இடம் தேயக்கூடும், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடல் தண்ணீரையோ சேற்றுத் தண்ணீரையோ எடுத்திருந்தால் உடனே நல்ல தண்ணீர் விட்டுப் பம்பை அலச வேண்டும். குளிர்நாட்டில் வேலை முடிந்ததும் பம்பில் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் வடித்துவிட வேண்டும், ராத்திரியில் உறைந்தால் தண்ணீர் விரிந்து இரும்பு உறையையே பிளந்துவிடும். நம் ஊரில் உறைபனி பயம் இல்லை. ஈரப்பதம்தான் எதிரி. வெயிலில் நின்ற வண்டியில் சாயங்கால மழை விழுந்து, மூடிவைத்த பெட்டிகளுக்குள் அந்த ஈரம் தங்கிவிட்டால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். கதவுகளையும் பெட்டிகளையும் திறந்து காற்றாட விடுகிற எளிய வேலையைச் செய்தாலே பாதித் துரு வராது.

ஒரு பழைய தீயணைப்பு வண்டியை நேரில் பார்க்கக் கப்பலேற வேண்டியதில்லை. ஹில் ஸ்ட்ரீட்டில் இருக்கிற சிவப்பு வெள்ளைக் கட்டடம், மத்திய தீயணைப்பு நிலையம், 1909-ல் திறந்தது, 1998-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் அங்கிருந்து வண்டிகள் கிளம்புகின்றன. அதே கட்டடத்தில்தான் குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் காட்சிக்கூடம் இருக்கிறது, பழைய வண்டிகளும் கருவிகளும் அங்கே உண்டு. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் எரிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்த தீயைப் பற்றியும் அங்கே தெரிந்துகொள்ளலாம். அந்தத் தீயில் ஹைட்ரன்ட் தண்ணீரின் அழுத்தம் போதாமல் வீரர்கள் திணறினார்கள் என்பதைப் படிக்கும்போது, பம்பைப் பற்றி இதுவரை பார்த்ததெல்லாம் கூடவே ஞாபகத்துக்கு வரும்.

அங்கே போனால் வண்டியின் முகத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பின்னாலும் பக்கவாட்டிலும் போய், தண்ணீர் உள்ளே போகிற வாய் எது, வெளியே வருகிற வாய் எது என்று தேடுங்கள். உறிஞ்சு வாய் எப்போதும் பெரிதாக இருக்கும். அப்புறம் இஞ்சினிலிருந்து பம்புக்குச் சுழற்சி எப்படி வருகிறது, தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்று பாருங்கள். சனிக்கிழமை காலையில் பல தீயணைப்பு நிலையங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், அங்கே நிற்கிற புது வண்டியிலும் இதே கேள்விகளைப் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற தம்பிகளும் அண்ணன்களும் ஆசையாகவே காட்டுவார்கள், பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எது மாறியிருக்கிறது, எது எழுபது வருஷமாக அப்படியே இருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.